பாசி - பூசணம் அண்டு கோ!

மிஷிகன் மாநிலத்தின் தலைநகரம் எது? பட்டென்று 'டெட்ராய்ட்' என்று சொல்பவர்களுக்கு மார்க் கிடையாது. லான்சிங்! டெட்ராய்ட் ஏர்போர்ட்டிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். வழி நெடுக மக்காச்சோளம். சலிப்பாக இருக்கிறதே என்று நினைக்கும்போது கொஞ்சம் சோயா வரும். பிறகு மறுபடியும் மக்காச்சோளம்.

இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ரான்சம் ஓல்ட்ஸ் என்கிற மனிதர் 1897-ல் இங்கேதான் தன் மோட்டார் கம்பெனியை ஆரம்பித்தார். 1901-ல் அவர் கம்பெனி வெளியிட்ட குட்டி காரைத்தான் முதன்முதலாக மொத்தமாகத் தயாரான பெட்ரோல் கார் என்பார்கள். ஹென்றி ஃபோர்டு பெயரெடுப்பதற்கு முன்னாலேயே! அந்த ஓல்ட்ஸ்மொபைல் 2004-ல் கடையைக் கட்டிவிட்டது. இப்போது அதற்கு ஒரு மியூசியம் இருக்கிறது. உள்ளே போனால் பித்தளை விளக்கும் தோல் சீட்டுமாக, நம் ஊர் ஜட்கா வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்ட மாதிரி ஒரு கார் நிற்கிறது.

லான்சிங்கை ஒட்டியே கிழக்கு லான்சிங். எது எந்த ஊர் என்று தெரு போர்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 1855-ல் விவசாயக் கல்லூரியாக ஆரம்பித்த மிஷிகன் ஸ்டேட் யூனிவர்ஸிட்டி இருப்பது இங்கே. மேற்கே பெட்ரோல் காரைப் பெற்று வளர்த்த ஊர். கிழக்கே, பாசியையும் பூசணத்தையும் ஒரே ஜாடியில் போட்டு, இதிலிருந்து வண்டி ஓட்ட எண்ணெய் எடுக்கலாமா என்று பார்த்த ஊர். நடுவில் பஸ் ஓடுகிறது!

அக்கா வீட்டுக்கு ஒரு மாதம் விருந்தாளியாகப் போயிருந்தேன். அத்தானுக்குக் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை. பெட்ரோல் இன்ஜினுக்குள் போகிற ஒரு சின்ன சாமான். அது என்ன என்று அவர் மூன்று தடவை விளக்கினார். பி.காம். படித்தவனுக்கு அதற்கு மேல் புரியாது என்று விட்டுவிட்டார்.

"நீ பேனா பிடிக்கிறவன். யூனிவர்ஸிட்டிப் பக்கம் போய்ப் பார் மாப்ளே. பாசியில எண்ணெய் எடுக்கறானாம். எடுத்துட்டா எங்க இன்ஜினுக்கு ஆயுசு கெட்டி" என்றார்.

அவர் கவலை அவருக்கு. லான்சிங் பக்கத்திலேயே எலெக்ட்ரிக் காருக்கான பாட்டரித் தொழிற்சாலை கட்டியிருக்கிறார்கள். கார் எல்லாம் பாட்டரிக்கு மாறிவிட்டால் இன்ஜின் சாமான் செய்பவர் என்ன செய்வார்?

*

காம்பஸ் நடுவே ரெட் சீடர் என்று ஓர் ஆறு. அகலத்தில் நம் வைகையில் பாதிகூட இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம். இதில் தண்ணீர் ஓடுகிறது! கரையில் வாத்துகள் கூட்டம். மரத்துக்கு மரம் அணில்கள். ஒவ்வொன்றும் பூனைக்குட்டி சைஸ்; முதுகில் மூன்று கோடு கிடையாது. ராமர் இந்தப் பக்கம் வரவில்லை போலிருக்கிறது.

ஆற்றைத் தாண்டித் தெற்கே நடந்தால் யூனிவர்ஸிட்டியின் சொந்த மின் நிலையம் வருகிறது. 2016 வரை நிலக்கரி எரித்தார்கள். பிறகு இயற்கை எரிவாயு. புகைபோக்கியில் வெளியே போகிற கார்பன் டை ஆக்ஸைடை வீணாக்குவானேன் என்று, ஒரு கம்பெனியுடன் சேர்ந்து 2014-லிருந்து அங்கே பாசி வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நமக்கு ஆகாத காற்று பாசிக்குச் சாப்பாடு.

இன்னும் தெற்கே போனால் மாட்டுப் பண்ணைகள். அங்கே 2013-ல் கட்டிய ஒரு பெரிய சாண எரிவாயுக் கலம். பண்ணைச் சாணமும் ஹாஸ்டல் சாப்பாட்டு மிச்சமும் உள்ளே போகின்றன. வெளியே கரண்டாக வருகின்றன. நம் கிராமத்துக் கோபர் காஸ்தான், கோட்டு சூட்டு போட்டிருக்கிறது. இங்கே ஹாஸ்டல் பையன் சாப்பிடாமல் விட்ட பீட்சாகூட வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறது.

இவ்வளவும் பார்த்துவிட்டு, தாவர ஆராய்ச்சிக் கட்டிடத்தின் முன்னால் வந்து நின்றேன். செங்கல் கட்டிடம், நிறைய ஜன்னல், பக்கத்தில் கண்ணாடி வீடுகள். வெளியிலிருந்து பார்த்தால் நம் ஊர் தாலுகா ஆபீஸுக்கு வெள்ளையடித்துத் தோட்டம் போட்ட மாதிரி அமைதியாக இருக்கிறது. உள்ளே நடந்த சங்கதிதான் விசேஷம்.

*

முதலில் ஒரு கேள்வி. எண்ணெய்க்குப் பாசி எதற்கு?

வழியில் பார்த்த மக்காச்சோளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா விளைவிக்கிற மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆகி, பெட்ரோலில் கலந்து, கார் டாங்க்குக்குள் போகிறது. அன்னத்தை வண்டியில் ஊற்றுவதா என்ற சண்டை அங்கேயும் உண்டு. பாசிக்கு அந்தப் பாவமில்லை. நல்ல நிலம் வேண்டாம். சில ஜாதிப் பாசிக்கு நல்ல தண்ணீர்கூட வேண்டாம், கடல் தண்ணீரே போதும். வெயிலும் காற்றும் கொஞ்சம் உரமும் கொடுத்தால் தானாக வளரும். நைட்ரஜனைக் கொஞ்சம் குறைத்துப் பட்டினி போட்டால், பஞ்சத்துக்குப் பயந்த குடும்பஸ்தன் மாதிரி உடம்புக்குள் எண்ணெயைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

பிறகென்ன, அள்ளிப் பிழிய வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அள்ளுவதுதான் கஷ்டம்.

மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இருக்கிறதல்லவா? அதில் குளத்துப் பாசித் தண்ணீரை நிரப்புங்கள். பச்சைப்பசேல் என்று பாயசம் மாதிரி தெரியும். ஆனால் வடிகட்டிக் காயவைத்தால் கிடைப்பது சுமாராக அரைக் கிலோ பாசி. அதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காபி டம்ளர்! ஒரு டம்ளர் எண்ணெய்க்காக ஒரு தொட்டித் தண்ணீரை வடிகட்ட வேண்டும்.

வடிகட்டுவதும் லேசில்லை. மிஷிகன்காரர்கள் எடுத்துக்கொண்டது நானோகுளோராப்ஸிஸ் என்கிற கடல் பாசி. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இருபதை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு பொடி. வேட்டித் துணியில் வடிகட்டினால் துணிக்கும் தெரியாமல் போய்விடும். பாலில் வெண்ணெய் எடுக்கிற மாதிரி மெஷினில் போட்டுச் சுற்றலாம். கரண்ட் பில் எகிறும். படிகாரம் மாதிரி ஏதாவது ரசாயனம் போட்டுத் திரட்டலாம். அந்த ரசாயனம் பாசியோடு ஒட்டிக்கொண்டு வரும். பாசி வளர்க்க ஆகும் மொத்தச் செலவில் இருபது முதல் முப்பது சதவீதம் வரை இந்த அறுவடைக்கே போகிறது என்று துறைக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கதிர் அறுக்கிற கூலியே விளைச்சலின் விலையில் கால் பங்கு என்றால் எந்தப் பண்ணையார் விதைப்பார்?

நம் பாட்டிமார்களுக்கு இந்தப் பிரச்னை புதிதல்ல. கலங்கல் தண்ணீர்ப் பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையைத் தேய்த்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மண் எல்லாம் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும். கிழக்கு லான்சிங்கில் அந்தத் தேத்தாங்கொட்டை வேலைக்கு வந்ததுதான் பூசணம்.

*

பூசணம் என்றதும் மூக்கைச் சுளிக்காதீர்கள். இது ஊறுகாய் ஜாடியில் வருகிற ரகமல்ல. மார்ட்டியரெல்லா எலாங்கேட்டா என்று பெயர். மண்ணில் இருக்கிற சாது. (இப்போது லின்னமானியா எலாங்கேட்டா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். தெருப் பெயரை மாற்றுகிற வியாதி விஞ்ஞானிகளுக்கும் உண்டு.) இதுவும் பாசி மாதிரியே உடம்பில் எண்ணெய் சேர்க்கிற ஜாதி.

ஜி-யான் டூ, கிரிகரி போனிட்டோ, கிறிஸ்டோஃப் பென்னிங் ஆகியோரும் சகாக்களும் பாசித் தண்ணீரில் இந்தப் பூசணத்தைப் போட்டார்கள். பூசணம் நூல் நூலாக இழைவிட்டு வளரும். அந்த இழைகளில் பாசி வந்து ஒட்டிக்கொண்டது. கம்பளி நூலில் கடுகு ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஒட்ட ஒட்ட, இழையும் பாசியுமாகத் திரண்டு, கண்ணுக்குத் தெரிகிற பச்சை உருண்டைகளாகிவிட்டன. இனிமேல் வடிகட்ட மெஷின் எதற்கு? வலை போதும்! வலையில் வருவது பாசி எண்ணெய் மட்டுமில்லை, பூசண எண்ணெயும் சேர்த்து. 2018-ல் இதை வெளியிட்டார்கள்.

இவர்கள்தான் முதல் ஆள் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் ஆர்.எம்.ஐ.டி. யூனிவர்ஸிட்டிக்காரர்கள் 2014-லேயே வேறொரு பூசணத்தை வைத்து இதே மாதிரி பாசி பிடித்துக் காட்டினார்கள். ஆனால் அது மனிதர்களின் நுரையீரலில் குடியேறக்கூடிய ஜாதி. மிஷிகன் ஆசாமி பரம சாது.

கிழக்கு லான்சிங்காரர்கள் அதோடு விடவில்லை. ஒட்டிக்கொண்ட இரண்டு பேரும் சும்மா ஒட்டிக்கொண்டார்களா, கொடுக்கல் வாங்கல் ஏதாவது உண்டா என்று துப்பறிய ஆரம்பித்தார்கள். லஞ்ச ஒழிப்புப் போலீஸ் நோட்டில் ரசாயனப் பவுடர் தடவிக் கொடுக்குமே, அதே டெக்னிக்! அடையாளம் வைத்த கார்பனைப் பாசிக்கும், அடையாளம் வைத்த நைட்ரஜனைப் பூசணத்துக்கும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் பாசியின் கார்பன் பூசணத்தின் பையில், பூசணத்தின் நைட்ரஜன் பாசியின் பையில். இருவரும் கையும் களவுமாகப் பிடிபட்டார்கள்.

பி.காமில் எங்களுக்கு 1932-ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் ஒரு பாடம். ஒருவர் முதல் போடுவார், இன்னொருவர் உழைப்பைப் போடுவார், லாபத்தைப் பிரித்துக்கொள்வார்கள். பாசி வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்கிறது. பூசணத்துக்கு அந்த வித்தை தெரியாது. பூசணம் நைட்ரஜன் தேடுவதில் கெட்டிக்காரன். கையெழுத்துப் போடாத பத்திரம்!

2019-ல் வந்த அடுத்த செய்திதான் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. பல வாரங்கள் சேர்த்தே வளர்த்தபோது, ஒட்டிக்கொண்டிருந்த பாசிகளில் சில பூசண இழையின் உள்ளேயே குடிபோய்விட்டன. உள்ளே போய்ச் சாகவுமில்லை. உயிரோடு, பச்சையாக, இரண்டாகி நான்காகப் பெருகிக்கொண்டு. பங்குதாரர் வீட்டு மாப்பிள்ளையாகிவிட்டார்! நிறமில்லாத பூசணம் பச்சை நிறமாக மாறி வெயிலில் சமைக்க ஆரம்பித்துவிட்டது.

*

அன்று ராத்திரி அக்கா கறிக்குழம்புக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து நான் கொண்டுபோன பொட்டலத்தில் கல்பாசி இருந்தது. செட்டிநாட்டுச் சமையலில் பட்டை, கிராம்பு, மராட்டி மொக்கோடு சேரும் அந்தக் கருஞ்சாம்பல் சருகு. பாறையிலும் மரப்பட்டையிலும் வளர்வது.

"இது என்ன தெரியுமா அக்கா? பாசியும் பூசணமும் கூட்டுக் குடித்தனம் பண்ணுகிற சமாசாரம். இங்கிலீஷில் லைக்கன்."

அக்கா வறுப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "டேய், இத்தனை வருஷமா பூசணத்தையா போட்டுக் கொதிக்க வைச்சிருக்கேன்? சாப்பிடறவரைக்கும் உங்க அத்தான்கிட்ட சொல்லாதே!"

நிஜம்தான். கல்பாசியில் உடம்பு பூசணத்துடையது. உள்ளே சமையல்காரர் பாசி. 1867-ல் சுவிட்சர்லாந்துக்காரரான சைமன் ஷ்வெண்டனர் இந்த உண்மையைச் சொன்னபோது பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் கோபித்துக்கொண்டார்கள். ஒரே செடி என்று ஆயுள் முழுக்க எழுதியவர்களிடம் போய், 'அது ஒன்றில்லை ஸார், இரண்டு' என்றால் விடுவார்களா? ஆனால் லைக்கனில்கூடப் பாசி பூசண இழைகளுக்கு இடையில்தான் இருக்குமே தவிர இழைக்குள்ளே புகாது. கிழக்கு லான்சிங் ஜாடியில் புகுந்துவிட்டது. அதனால்தான் அந்தப் பரபரப்பு.

*

சரி, பெட்ரோல் பங்கில் பாசி எண்ணெய் எப்போது வரும்? அத்தானின் கேள்வியும் அதுதான்.

பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடிபட்ட அமெரிக்க அரசாங்கம் 1978-ல் பாசி எண்ணெய் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. நியூ மெக்ஸிகோவில் ராஸ்வெல் என்ற ஊரில் குளங்கள் வெட்டிப் பாசி வளர்த்தார்கள். (1947-ல் பறக்கும் தட்டு விழுந்ததாகப் பேசப்படும் அதே ராஸ்வெல்தான்.) பகலில் வெயில் பிரமாதம். ராத்திரி பாலைவனக் குளிர். பாசி நடுங்கிப்போய் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. கச்சா எண்ணெய் விலை வேறு இறங்கிப்போனது. 1996-ல் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

அப்புறம் எக்ஸான்மொபில். 2009-ல் பாசி எண்ணெய்க்கு அறுபது கோடி டாலர் வரை செலவழிப்போம் என்று அறிவித்தார்கள். எண்ணெய்க் கம்பெனியே வந்துவிட்டது, இனி என்ன என்றார்கள் எல்லோரும். 2023-ல் அவர்களும் ஜகா வாங்கினார்கள்.

காரணத்துக்கு விஞ்ஞானம் தேவையில்லை, வியாபாரம் போதும். பெட்ரோலுக்கு இயற்கை ஏற்கெனவே கோடிக்கணக்கான வருஷம் சம்பளமில்லாமல் வேலை பார்த்துவிட்டது. பூமிக்கடியில் கிடக்கும் எண்ணெயில் பெரும்பங்கே ஆதிகாலக் கடல்களில் மிதந்த பாசி முதலான நுண்ணுயிர்கள்தான். நாம் உறிஞ்சுகிற கூலி மட்டும் கொடுக்கிறோம். புதுப் பாசிக்குக் குளம், உரம், பம்பு, அறுவடை, பிழிவு என்று எல்லாவற்றுக்கும் பில் வருகிறது. பூசணம் அந்தப் பில்லில் ஒரு வரியைத்தான் குறைக்கிறது. அறுவடை என்ற பெரிய வரிதான், ஆனாலும் ஒரு வரி. மேலும் பூசணத்தையும் முதலில் சோறு போட்டு வளர்த்தாக வேண்டும். லேபில் ஊட்டமாகவே போடுகிறார்கள். பண்ணை அளவில் போட்டால் கட்டுப்படியாகாது. கழிவையே சோறாக்க வேண்டும். பக்கத்திலேயே மாட்டுச் சாணமும் ஹாஸ்டல் மிச்சமும் இருக்கிற ஊரில் இந்த யோசனை வருவது ஆச்சரியமில்லை. திறந்த குளத்தில் அழையாத விருந்தாளிகள் வேறு வருவார்கள். பாசியைத் தின்கிற பூச்சி, போட்டிப் பாசி, வேறு பூசணம்... ஜாடி சாந்தமான குடித்தனம். குளம் பஸ் ஸ்டாண்டு.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதே பாசி எண்ணெயில் மீன் எண்ணெயில் இருக்கிற ஒமேகா-3 சத்து இருக்கிறது. மார்ட்டியரெல்லாவின் தாயாதி ஒன்றிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் குழந்தைப் பால் பவுடரிலேயே சேர்க்கிறார்கள். லிட்டர் கணக்கில் வண்டிக்கு ஊற்றினால் சில்லறை. சொட்டுக் கணக்கில் மாத்திரைக்குள் அடைத்தால் நோட்டு. எந்த வியாபாரி வண்டிக்கு ஊற்றுவான்? எரிபொருளுக்கு என்று கிளம்பிய பாசிக் கம்பெனிகளில் பல கடைசியில் சத்துணவுப் பக்கம் ஒதுங்கியதற்கு இதுதான் காரணம். நம் புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய பண்ணை வைத்து ஸ்பைருலினா வளர்க்கிறார்கள். அங்கே விளைவதும் மாத்திரைக்கும் மாவுக்கும்தான், மோட்டாருக்கு அல்ல.

"அப்ப இது நடக்காதுங்கறியா?" என்றார் அத்தான், முகம் கொஞ்சம் வாடி.

நடக்காது என்று சொல்ல மாட்டேன். காருக்குப் பாட்டரி சரிப்படும். கடல் தாண்டுகிற பெரிய விமானத்துக்குச் சரிப்படாது, கனம் தாங்காது. அதற்குத் திரவ எரிபொருள்தான் வேண்டும். பாசி எண்ணெய்க்கு வாய்ப்பு இருந்தால் அங்கேதான். அத்தானின் இன்ஜின் சாமானை அது காப்பாற்றும் என்று மட்டும் எந்தக் கணக்கும் சொல்லவில்லை. இதைச் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

முதல் ஆராய்ச்சியாளர் டூ இப்போது ஹவாய் யூனிவர்ஸிட்டிக்குப் போய்விட்டார். சுற்றிலும் கடல் தண்ணீர், வருஷம் முழுக்க வெயில். பாசிக்காரருக்குப் பொருத்தமான ஊர். மிஷிகன் ஜனவரியில் ரெட் சீடர் ஆறே உறைந்துபோகுமாம்.

*

ஊர் திரும்புவதற்கு முதல் நாள், ஆற்றங்கரையில் 1873-லிருந்து இருக்கும் பீல் தாவரவியல் தோட்டத்துக்கு அத்தானையும் இழுத்துக்கொண்டு போனேன். மரப்பட்டைகளில் லைக்கன் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. அக்காவின் மசாலா டப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த வில்லியம் ஜேம்ஸ் பீல் 1879-ல் ஒரு காரியம் செய்தார். இருபது பாட்டில்களில் மண்ணும் விதையுமாக நிரப்பி, காம்பஸில் ஒரு ரகசிய இடத்தில் புதைத்தார். விதை எத்தனை வருஷம் உயிரோடு இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். முதலில் ஐந்து வருஷத்துக்கு ஒரு பாட்டில். பிறகு பத்து வருஷத்துக்கு ஒன்று. இப்போது இருபது வருஷத்துக்கு ஒன்று. வெளிச்சம் பட்டுவிடக் கூடாது என்று ராத்திரியில் போய்த் தோண்டுகிறார்கள். கடைசியாக 2021-ல் எடுத்தார்கள். நூற்று நாற்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்த விதைகளில் சில முளைத்தன! இன்னும் நாலு பாட்டில் பாக்கி. அடுத்தது 2040-ல். கடைசி பாட்டில் 2100-ல்.

பீல் 1924-ல் காலமாகிவிட்டார். அவர் ஆரம்பித்த கணக்கை யார் யாரோ வந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாசி - பூசணம் கம்பெனியும் அப்படித்தான். 1978-ல் குளம் வெட்டியவர்களுக்குப் பூசணம் தோன்றவில்லை. 2018-ல் தோன்றியவர்களுக்கு இன்னும் மலிவான சோறு கிடைக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கப் போகிற பெண்ணோ பையனோ இன்றைக்கு எந்த ஊரில் எந்த வகுப்பில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்களோ!

இதையெல்லாம் நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே காரை பெட்ரோல் பங்குக்குள் திருப்பினார்.

"நல்ல விஷயம்தான் மாப்ளே. 2100-ல வந்தா வாங்கிப்போம். இப்ப இறங்கி, முப்பது டாலருக்குப் போடு."